மசோதா அறிமுகமானதும் குழுவுக்குப் போகுமா? பந்தலூரிலிருந்து ஒரு கேள்வி

பந்தலூர் ஞாயிறு வகுப்பு

வணக்கம். பந்தலூரில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அரசியலமைப்புப் பாடம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். சென்ற வாரம் ஒரு மாணவி எழுப்பிய கேள்விக்கு என்னால் நேராக விடை சொல்ல முடியவில்லை. ‘மசோதா அறிமுகம் செய்யப்பட்டு, குழுவின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டது’ என்று டெல்லிச் செய்திகளில் படிக்கிறோமே, அப்படி அனுப்புவது யார், எல்லா மசோதாவையும் அனுப்பியே ஆக வேண்டுமா, சென்னையிலிருந்து மட்டும் ஏன் அவ்வாறான செய்தியே வருவதில்லை என்று அவள் கேட்டாள்.

அவளுடைய வீடு, கூடலூர் ஜன்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் செக்‌ஷன் 17 நிலத்தில் இருக்கிறது. மின் இணைப்புக்காக அவளுடைய தந்தை பல ஆண்டுகளாக அலைந்துகொண்டிருக்கிறார். ஆகவே, சட்டம் எழுதப்படும்போது எங்களைப் போன்றவர்களை யாராவது கேட்டார்களா என்பதுதான் அவள் உண்மையில் கேட்க விரும்பியது என்று எனக்குத் தோன்றியது. விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் வரும் ஞாயிற்றுக்கிழமை அதையே பாடமாக வைத்துக்கொள்வேன்.

கோத்தகிரி ஓய்வூதியர்

ஐயா, நல்ல கேள்வி. அரசுப் பணியில் இருந்த காலத்தில் சட்டமன்றக் கோப்புகளோடு ஓரளவு பழகியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் அறிமுகத்தைப் பற்றிப் பார்ப்போம். அமைச்சர் எழுந்து, மசோதாவை அறிமுகம் செய்ய அவையின் அனுமதியைக் கோருவார். அனுமதி கிடைத்தால், ‘அறிமுகம் செய்கிறேன்’ என்பார். பெரும்பாலும் இது ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் சடங்கு போலத் தோன்றும். ஆனால் மக்களவை விதி 72-ன்படி, அறிமுகத்தையே எதிர்க்க உறுப்பினருக்கு உரிமை உண்டு. அப்போது எதிர்ப்பவரும் அமைச்சரும் சுருக்கமாகப் பேச அவைத் தலைவர் இடம் கொடுத்துவிட்டு, விவாதமின்றி வாக்கெடுப்புக்கு விடுவார். இப்படி ஒரு சட்டத்தை இயற்ற இந்த அவைக்கு அதிகாரமே இல்லை என்பது எதிர்ப்பின் காரணமாக இருந்தால், முழு விவாதத்தையே அவர் அனுமதிக்கலாம். அறிமுகத்துக்கு முன்பே மசோதாவை அரசிதழில் வெளியிட அவைத் தலைவர் அனுமதித்திருந்தால், அவையின் அனுமதி கோரும் தீர்மானம் தேவைப்படாது. இவை யாவும் ‘முதல் வாசிப்பு’ என்ற தலைப்பில் அடங்கும். அன்று யாரும் மசோதாவை வாசிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

குழுவுக்கு அனுப்புவது அறிமுகத்துக்குப் பிறகு வருவது. அதில் இரண்டு வழிகள் உள்ளன என்பதைப் பிள்ளைகள் பிரித்தறிய வேண்டும். ஒன்று, துறைசார் நிலைக்குழு. 1993-ல் 17 குழுக்களாகத் தொடங்கி, 2004-ல் 24 ஆக உயர்ந்தவை இவை. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேரும் மாநிலங்களவையிலிருந்து 10 பேரும் இருப்பார்கள். அமைச்சர்கள் இடம்பெற முடியாது. ஒரு மசோதாவை இந்தக் குழுவுக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதை மக்களவைத் தலைவரோ மாநிலங்களவைத் தலைவரோ முடிவு செய்வார்கள். இரண்டாவது வழி, அந்த ஒரு மசோதாவுக்காக மட்டும் அமைக்கப்படும் தேர்வுக் குழு அல்லது இரு அவைகளின் கூட்டுக் குழு. இதற்கு அவையில் தீர்மானம் நிறைவேற வேண்டும். பெரும்பான்மை அரசின் கையில் இருப்பதால், நடைமுறையில் இது அரசின் விருப்பத்தைப் பொறுத்தது. இந்த இரண்டில் எதையும் நாடியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 15-ஆவது மக்களவைக் காலத்தில் 71 விழுக்காடு மசோதாக்கள் குழுக்களுக்குச் சென்றன என்றும், 17-ஆவது மக்களவையில் அது 16 விழுக்காடாகச் சுருங்கியது என்றும் பிஆர்எஸ் ஆய்வு நிறுவனம் கணக்கிட்டுள்ளது. உங்கள் மாணவி கேட்ட ‘அனுப்பியே ஆக வேண்டுமா’ என்பதற்கு இந்த இரண்டு எண்களே விடை.

இனி சென்னைக்கு வருவோம். தமிழ்நாடு சட்டப்பேரவையில் மசோதாவைச் ‘சட்டமுன்வடிவு’ என்று குறிப்பிடுவார்கள். பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, பொது நிறுவனங்கள் குழு, அரசு உறுதிமொழிக் குழு, மனுக்கள் குழு எனப் பல குழுக்கள் அங்கு உண்டு. ஊட்டியில் வரிசையாகக் கார்கள் வந்து நிற்க, ‘சட்டமன்றக் குழு வருகை’ என்று நாம் பார்ப்பது இவற்றைத்தான். கணக்குகளையும், நடந்து முடிந்த திட்டங்களையும், கொடுத்த வாக்குறுதிகளையும் இவை ஆராயும். நாடாளுமன்றத்தில் உள்ளதைப் போலத் துறைவாரியாகச் சட்டமுன்வடிவுகளை ஆராயும் நிலைக்குழு முறை அங்கு இல்லை. தேர்வுக் குழுவுக்கு அனுப்ப விதிகளில் இடம் உண்டு. ஆனால் அது அரிதாகவே நடக்கிறது. 1986 நவம்பர் 1 வரை மேலவை இருந்ததால், இன்னொரு அவையில் மறுபடியும் பேசும் வாய்ப்பாவது இருந்தது. இப்போது 234 உறுப்பினர்கள் கொண்ட ஒரே அவைதான். கூட்டத்தொடரின் தொடக்கத்திலோ நடுவிலோ அறிமுகமாகும் சட்டமுன்வடிவுகள், கடைசி நாளில் ஒன்றன்பின் ஒன்றாகக் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறேன்.

இதன் விளைவுக்கு ஓர் எடுத்துக்காட்டு: வேலை நேரத்தை 12 மணி நேரமாக நீட்டிக்க இடமளிக்கும் தொழிற்சாலைகள் திருத்தச் சட்டமுன்வடிவு 2023 ஏப்ரல் 21 அன்று பேரவையில் நிறைவேறியது. எதிர்ப்பு வலுத்ததால் மூன்றே நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். தொழிற்சங்கங்களை அழைத்துக் கேட்கும் வேலையை ஒரு குழு இரண்டு மாதம் செய்திருந்தால், அந்தப் பத்து நாள் கூத்து நேர்ந்திருக்காது என்பது என் கருத்து.

கூடலூர் வழக்கறிஞர்

ஓய்வூதியர் ஐயா முறையை விளக்கிவிட்டார். அந்த மாணவியின் உள்ளக் கேள்விக்கு நான் வருகிறேன், ஏனென்றால் அதற்கான விடை எங்கள் ஊரிலேயே இருக்கிறது.

வன உரிமைச் சட்டத்தில் ‘2005 டிசம்பர் 13’ என்ற நாள் திரும்பத் திரும்ப வரும். அந்த நாளில் வன நிலம் உங்கள் அனுபவத்தில் இருந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கிராம சபையில் படிவம் நிரப்பிய யாருக்கும் இந்த நாள் மனப்பாடம். ஆனால் ஏன் அந்த நாள் என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். அது அந்த மசோதா மக்களவையில் அறிமுகமான நாள். ஓய்வூதியர் ஐயா சொன்ன ஒரு நிமிடச் சடங்குதான் இன்று மலைக்காட்டில் யாருடைய குடிசைக்கு உரிமை உண்டு, யாருடையதற்கு இல்லை என்பதைப் பிரிக்கும் கோடாக நிற்கிறது.

அதைவிட முக்கியமானது, அறிமுகமானபோது மசோதாவில் அந்த நாள் இல்லை என்பதுதான். அப்போது அதில் இருந்தது 1980 அக்டோபர் 25; வனப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் அது. மசோதாவின் பெயரும் பட்டியல் பழங்குடியினரை மட்டுமே குறித்தது. ஒரு குடும்பத்துக்கு இரண்டரை ஹெக்டேருக்கு மேல் கிடையாது என்றும் இருந்தது. மசோதா, கிஷோர் சந்திர தேவ் தலைமையிலான கூட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்த பழங்குடி அமைப்புகளும், காட்டுயிர்ப் பாதுகாப்பில் ஈடுபட்டிருந்தவர்களும் தங்கள் கருத்துகளைக் கொடுத்தார்கள். 2006 மே மாதம் வந்த குழுவின் அறிக்கை, அந்தத் தகுதி நாளை 2005-க்கு நகர்த்தவும், பழங்குடியினர் அல்லாத மற்ற பாரம்பரிய வனவாசிகளைச் சேர்க்கவும், நில வரம்பைத் தளர்த்தவும் பரிந்துரைத்தது. அரசு அனைத்தையும் அப்படியே ஏற்கவில்லை. இருந்தும் 2006 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தின் பெயரிலேயே ‘இதர பாரம்பரிய வனவாசிகள்’ சேர்ந்துவிட்டார்கள், நாள் மாறிவிட்டது, வரம்பு நான்கு ஹெக்டேராகிவிட்டது.

நம் தாலுகாவில் இதன் பொருள் என்ன என்று நினைத்துப் பாருங்கள். 1980 என்ற நாள் நின்றிருந்தால், அதற்குப் பிறகு பிரிந்து குடில் போட்ட பணியர், காட்டுநாயக்கர் குடும்பங்கள் வெளியே நின்றிருக்கும். முதல் வடிவமே சட்டமாகியிருந்தால், பழங்குடிப் பட்டியலில் இல்லாத மவுண்டாடன் செட்டி போன்ற பழைய குடிகள் விண்ணப்பிக்கவே வழி இருந்திருக்காது. இப்போது வழி இருக்கிறது. ஆனால் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு அங்கே வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும் என்ற கடினமான நிபந்தனையோடு இருக்கிறது.

செக்‌ஷன் 17 வேறு கதை. அது 1969-ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு, மாநிலச் சட்டம். நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்ம நிலத்தில், அதாவது பரம்பரை உரிமை நிலத்தில், குத்தகைக்கு இருந்த தோட்டங்களைப் பற்றியது. அந்தச் சட்டத்தின் ஒரு பகுதியை, அதாவது ஜன்மக் காடுகள் அரசுக்குச் சேரும் என்பதை, 1972-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. உடனே 1974-ல், 34-ஆவது திருத்தத்தின் மூலம் நாடாளுமன்றம் சட்டம் முழுவதையும், நீதிமன்றச் சவாலிலிருந்து சட்டங்களைக் காக்கும் ஒன்பதாவது அட்டவணையில் வைத்தது. அதை எதிர்த்த வழக்குதான், சட்டக் கல்லூரியில் எல்லோரும் படிக்கும் ஐ.ஆர்.கோயலோ வழக்கு. 2007 ஜனவரி 11 அன்று ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு அந்த அட்டவணையில் சேர்க்கப்பட்ட சட்டங்கள் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கின்றனவா என்று நீதிமன்றம் ஆராயலாம் என்பது அதன் சாரம். உங்கள் வகுப்புப் பிள்ளைகள் இந்தத் தீர்ப்பைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருப்பார்கள். அது தங்கள் வீட்டு வாசலில் பிறந்த வழக்கு என்பதை அவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

வனம் பற்றிய மசோதா டெல்லியிலிருந்தும், நிலம் பற்றியது சென்னையிலிருந்தும் ஏன் வருகிறது என்றும் கேட்பார்கள். நிலம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. காடும் காட்டுயிர்ப் பாதுகாப்பும் அவசரநிலைக் காலத்து 42-ஆவது திருத்தத்தால், மத்தியும் மாநிலமும் சட்டமியற்றக்கூடிய பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டன. கூடலூர்க்காரன் இரண்டு அவைகளுக்கும் நடுவே நிற்பது அதனால்தான்.

மசினகுடி வழிகாட்டி

வழக்கறிஞர் அண்ணன் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் குழுவுக்குப் போனாலே மசோதா திருந்திவிடும் என்று பிள்ளைகள் நம்பிவிடக் கூடாது. 2023 மார்ச் 29 அன்று வனப் பாதுகாப்புத் திருத்த மசோதா அறிமுகமானது. சுற்றுச்சூழலுக்கென்றே ஜெய்ராம் ரமேஷ் தலைமையில் ஒரு நிலைக்குழு இருந்தது. அதற்கு அனுப்பாமல், தனியாக ஒரு கூட்டுக் குழுவை அமைத்து அதனிடம் கொடுத்தார்கள். அவர் வெளிப்படையாகவே ஆட்சேபித்தார். கூட்டுக் குழு கருத்துகளைக் கேட்டது, பலர் எழுதினார்கள், உறுப்பினர்கள் சிலர் மாறுபட்ட கருத்துக் குறிப்பும் கொடுத்தார்கள். ஜூலை 20 அன்று அறிக்கை வந்தபோது மசோதாவில் ஒரு மாற்றத்தையும் குழு பரிந்துரைக்கவில்லை. ஜூலை 26-ல் மக்களவையிலும் ஆகஸ்ட் 2-ல் மாநிலங்களவையிலும் அது நிறைவேறியது. ஆகவே ‘குழுவுக்குப் போனதா’ என்று மட்டும் கேட்டால் போதாது. எந்தக் குழு, அதில் பெரும்பான்மை யாருடையது என்றும் கேட்க வேண்டும். முதுமலைக்கு வரும் பயணிகளிடம் யானைத் தடத்தைப் பற்றிப் பேசும்போது நான் இதையும் சொல்வதுண்டு. அவர்கள் பெரும்பாலும் புலியைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

கொடைக்கானல் கட்டட மேஸ்திரி

சுருக்கமாக ஒன்று. மலையில் எங்களைப் பெரும்பாலும் கட்டிப்போடுவது மசோதாக்களே அல்ல. மலை நகரங்களுக்கான 1993-ஆம் ஆண்டுக் கட்டட விதிகள், ஏற்கெனவே உள்ள சட்டத்தின் கீழ் அரசு வகுத்த விதிகள். இத்தகைய விதிகளுக்கு அறிமுகமும் இல்லை, மூன்று வாசிப்பும் இல்லை. பேரவையில் வைக்கப்படும் விதிகளைப் பார்க்கத் தனியே ஒரு குழு உண்டு என்றாலும், அதற்குள் விதி நடைமுறைக்கு வந்திருக்கும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் வந்த இ-பாஸ் விதிகூட அல்ல. அது உயர் நீதிமன்ற ஆணை.

பந்தலூர் ஞாயிறு வகுப்பு

அனைவருக்கும் நன்றி. இ-பாஸ் ஏதோ சட்டம் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். வரும் ஞாயிற்றுக்கிழமை வன உரிமை மசோதாவின் அறிமுக வடிவத்தையும் நிறைவேறிய வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லப் போகிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள். நம் தொகுதி உறுப்பினர் தாமே ஒரு மசோதாவைக் கொண்டுவர முடியுமா? அடுத்த முறை வனம் பற்றி ஒரு மசோதா குழுவுக்குப் போனால், எங்கள் வகுப்பின் சார்பில் எழுதலாமா, தமிழில் எழுதினால் ஏற்பார்களா?

கோத்தகிரி ஓய்வூதியர்

முதல் கேள்விக்கு: முடியும். அமைச்சர் அல்லாத எவரும் தனிநபர் மசோதா கொண்டுவரலாம்; நாடாளுமன்றத்தில் அதற்கென வெள்ளிக்கிழமை பிற்பகல் ஒதுக்கப்பட்டுள்ளது. ஆனால் அவ்வாறு வந்து சட்டமானவை மொத்தம் 14 மட்டுமே. கடைசியாக ஒன்று சட்டமானது 1970-ல். திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியதே 45 ஆண்டுகளில் நடக்காத நிகழ்வு. மக்களவையில் அது நிறைவேறவில்லை.

கூடலூர் வழக்கறிஞர்

இரண்டாவதற்கு நான் சொல்கிறேன். யாரும் எழுதலாம், வழக்கறிஞர் தேவையில்லை. குழு செய்தித்தாள்களில் விளம்பரம் கொடுத்துக் கருத்துகளைக் கேட்கும். பெரும்பாலும் பதினைந்து நாள்தான் அவகாசம் இருக்கும். மலையில் தபால் போய்ச் சேரும் வேகத்தை நினைத்தால் மின்னஞ்சலே மேல். ஆங்கிலத்திலோ இந்தியிலோ அனுப்புமாறுதான் விளம்பரத்தில் இருக்கும். எனவே பிள்ளைகளைத் தமிழில் எழுதச் சொல்லி, உங்களில் ஒருவர் ஆங்கிலமாக்கி, இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். மசோதாவின் எந்தப் பிரிவு, அதில் எந்தச் சொல்லை எப்படி மாற்ற வேண்டும், அதனால் உங்கள் ஊரில் என்ன நேரும் என்று எழுதினால் படிப்பார்கள். பொதுவான கண்டனத்தை ஒதுக்கிவிடுவார்கள். நேரில் வந்து சொல்ல விருப்பம் என்றால் அதையும் கடிதத்திலேயே குறிப்பிட வேண்டும். அழைப்பதா இல்லையா என்பது குழுவின் முடிவு.

ஒன்றை மறக்க வேண்டாம். நீங்கள் அனுப்பியது குழுவின் ஆவணமாகிவிடும், அதை இரகசியமாகக் கருத வேண்டும். அறிக்கை வெளிவருமுன் பெருமையாக அதை இங்கே கொண்டுவந்து பதிவிட்டால் அவையின் உரிமையை மீறியதாகும். ஆகவே கடிதத்தை எழுதும் முன் இங்கே எவ்வளவு வேண்டுமானாலும் விவாதிக்கலாம், அனுப்பிய பிறகு மூச்சுவிட வேண்டாம்.