பிலடெல்பியாவின் செகண்டரியைச் சீராக்கியவர்கள் புது ஆட்டக்காரர்களா, பயிற்சியாளரா?

பச்சைச்சிறகு:
பருவங்களுக்கு இடைப்பட்ட மாதங்களில் ஓர் அமெரிக்கக் கால்பந்து (NFL) அணி தன் செகண்டரியை, அதாவது பாஸ் பிடிப்பவர்களை எதிர்க்கும் கார்னர்பேக்குகளும் அவர்களுக்குப் பின்னால் காக்கும் சேஃப்டிகளும் நிற்கும் கடைசி அரணை, எப்படிச் சீர்செய்வது என்று கேட்பவர்களுக்கு நான் பிலடெல்பியா ஈகிள்ஸையே காட்டுவேன். 2023இல் முதல் 11 ஆட்டங்களில் பத்தை வென்ற அந்த அணி, அடுத்த ஏழில் ஆறைத் தோற்று, பிளேஆஃப் எனும் நாக்அவுட் கட்டத்தின் முதல் சுற்றிலேயே டாம்பா பேயிடம் 32-9 என்று வீழ்ந்தது. பாஸ் (எறிந்த பந்து) வழியாக விட்டுக்கொடுத்த யார்டுகளின் கணக்கில் 32 அணிகளில் அதற்கு 31ஆவது இடம்தான் கிடைத்தது. கார்னர்பேக் டேரியஸ் ஸ்லேவுக்கு வயது 33. மற்றொரு கார்னர்பேக் ஜேம்ஸ் பிராட்பெரியின் வேகம் குறைந்திருந்தது. மேலாளர் ஹோவி ரோஸ்மன் 2024 டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் நிகழ்வில்) 22ஆவது தேர்வாகக் குவின்யான் மிட்செல்லையும், 40ஆவதாகக் கூப்பர் டிஜீனையும் கார்னர்பேக்குகளாக எடுத்தார். 2002இல் லீடோ ஷெப்பர்டை எடுத்த பிறகு முதல் சுற்றில் கார்னர்பேக்கைத் தொடாத அணி அது! அடுத்த பருவமே அதே கணக்கில் முதலிடம் வந்தது.

அரண்காவலன்:
முடிவு சரி, காரணம் சரியில்லை நண்பரே. 2023இல் பயிற்சியாளர் ஷான் டெசாய் தொடங்கிய தற்காப்பை டிசம்பரில் மேட் பட்ரிஷியாவிடம் ஒப்படைத்தார்கள். யார் எந்த வழியை மூடுவது என்ற குழப்பம் திரையிலேயே தெரிந்தது. 2024 தொடக்கத்தில் தற்காப்புப் பயிற்சியாளராக விக் ஃபாஞ்ஜியோ வந்தார். இரண்டு சேஃப்டிகளை ஆழத்தில் நிறுத்தி நீண்ட பாஸ்களுக்கு இடம் கொடுக்காமல், எதிரணியைச் சிறுசிறு அடிகளாக நகரவைப்பது அவர் முறை. உயர்ந்த தேர்வு மட்டும் போதுமென்றால், டெட்ராய்ட் 2020இல் மூன்றாவது தேர்வாக எடுத்த கார்னர்பேக் ஜெஃப் ஒகுடா, மூன்றே பருவங்களுக்குப் பின் அட்லாண்டாவுக்கு ஐந்தாம் சுற்றுத் தேர்வுக்கு ஈடாகப் போயிருக்க மாட்டார்.

பச்சைச்சிறகு:
ஒகுடாவைச் சாய்த்தது குதிகால் தசைநாண் கிழிந்த காயம். அதைத் தேர்வின் பிழையாகக் கொள்வது நியாயமில்லை. ஃபாஞ்ஜியோ முதல் வாரத்திலிருந்தே இருந்தார். ஆனாலும் நான்கு ஆட்டங்களின் முடிவில் அணி இரண்டில்தான் வென்றிருந்தது. ஓய்வு வாரத்துக்குப் பிறகு டிஜீன் ஸ்லாட்டில், அதாவது பாஸைப் பிடிக்க உள்பக்கம் நிற்கும் ரிசீவரை எதிர்க்கும் இடத்தில், தொடங்கினார்; தொடர்ந்து பத்து வெற்றிகள் வந்தன. தாக்குதல் பக்கமும் அப்போது தேறியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று ரிசீவர்கள் நிற்பதே வழக்கமாகிவிட்ட இந்நாளில், உள்பக்க ரிசீவரைத் துரத்தவும் ஓட்டத்தைத் தடுக்கவும் ஒருங்கே வல்லவர் கிடைப்பது அரிது. பால்டிமோரில் ஓட்டக்காரர் டெரிக் ஹென்றியைத் தனியாளாகத் தூக்கிச் சாய்த்தாரே, அதை எந்தத் திட்டத்தாள் செய்யும்?

அரண்காவலன்:
முன்வரிசையை மறந்துவிட்டீர்கள். 2025 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌல் இறுதியாட்டத்தில் ஈகிள்ஸ் ஒருமுறைகூட பிளிட்ஸ், அதாவது பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை நெருக்கக் கூடுதல் ஆட்களை, அனுப்பவில்லை. நான்கு பேரின் நெருக்கடியிலேயே கான்சாஸ் சிட்டியின் குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் ஆறு முறை வீழ்த்தப்பட்டார். மற்ற ஏழு பேரும் பின்னால் நின்றார்கள். டிஜீன் பாஸைப் பறித்து 38 யார்டு ஓடி டச்டவுன் எடுத்ததும் அந்த நெருக்கடியின் பலன்தான்.

பச்சைச்சிறகு:
பருவம் முழுவதையும் பாருங்கள். சாக்குகள் (குவார்ட்டர்பேக்கை எறியுமுன் வீழ்த்தியவை) 2023இல் 43, 2024இல் 41. முன்வரிசையின் எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியே நிற்க, பின்னால்தான் எல்லாம் மாறியது.

கணக்கன்:
இருவரும் பணத்தைப் பேசவில்லை. 2024 மார்ச்சில் டென்னசி, கான்சாஸ் சிட்டியிடமிருந்து கார்னர்பேக் லஜேரியஸ் ஸ்னீடை வாங்கி, நான்கு ஆண்டுகளுக்கு 7.64 கோடி டாலர் வரை தருவதாக ஒப்பந்தம் செய்தது. காயத்தால் அவர் அந்தப் பருவத்தில் ஐந்து ஆட்டங்களே ஆடினார். அணி 3 வெற்றி, 14 தோல்வி என்று முடித்தது. டிராஃப்டில் வரும் புது ஆட்டக்காரருக்கோ முதல் நான்கு ஆண்டுகள் குறைந்த சம்பளம்தான். அந்த மிச்சம் இருந்தால்தான், டெட்ராய்ட்டுக்குப் போயிருந்த சேஃப்டி கார்ட்னர்-ஜான்சனைத் திரும்ப அழைக்க முடியும். அவர் ஆறு பாஸ்களைப் பறித்ததை இங்கே ஒருவரும் சொல்லாதது எனக்கு வருத்தமே.

அரண்காவலன்:
சாக்கு எண்ணிக்கை நெருக்கடி முழுவதையும் காட்டாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். ஆனால் ஸ்லாட்டைப் பற்றிப் பச்சைச்சிறகு சொன்னதை ஏற்கிறேன். டிஜீன் இல்லாமல் அந்தத் திட்டம் நடுவில் ஓட்டையாகவே இருந்திருக்கும். நான் மறுப்பது வரிசையை மட்டும்தான். ஜனவரியில் பயிற்சியாளர், மார்ச்சில் ஆட்டக்காரர் சந்தை, ஏப்ரலில் டிராஃப்ட். ரிசீவரோடு ஒட்டி ஓடும் கார்னர் வேண்டுமா, குவார்ட்டர்பேக்கின் கண்ணைப் பார்த்துக்கொண்டே தன் பகுதியைக் காப்பவர் வேண்டுமா என்பதை ஜனவரியில் வருபவர்தான் சொல்ல முடியும். அவர் வருமுன் யாரைத் தேர்வு செய்வீர்கள்?