டாமி ஜான் சர்ஜரி: 5ஆம் மாதம் வலியே இல்லை, பிறகு ஏன் ஒரு வருஷத்துக்கு மேல்?

கேள்வி (இடதுகைவீச்சு):
பேஸ்பாலில் முழங்கை உட்பக்கத் தசைநார் (எலும்பை எலும்போடு கட்டும் நார்) கிழிந்து, வேறு இடத்து நாரை அங்கே பொருத்தும் டாமி ஜான் சர்ஜரி செய்த பிட்சர் (பந்து வீசுபவர்) ஆட்டத்துக்குத் திரும்ப 12 முதல் 18 மாதம் என்கிறார்கள். பந்துவீச்சு, பேட்டிங் இரண்டும் செய்யும் ஷோஹெய் ஒட்டானிக்கு 2018 அக்டோபரில் சர்ஜரி, 2019 மே மாதமே பேட்டிங்குக்கு வந்துவிட்டார். 5ஆம் மாதத்தில் கை முழுசாக நீளுது, வலி இல்லை என்றால் வேகத்தைக் கூட்டினால் என்ன? பயிற்சியை எப்படிப் பிரிக்கிறார்கள்?

பதில் (மவுண்ட்_60):
பேட்டிங்கை வைத்துக் கணக்குப் போடாதீங்க. மட்டை வீசும்போது அந்தத் தசைநாரில் விழும் இழுவிசை மிகக் குறைவு. ஒட்டானியே மறுபடி பந்து வீசியது 2020இல்தான்.

வலி இல்லாததும் தசைநார் தயாராவதும் வேறு வேறு. முழங்கையில் வைத்திருப்பது மணிக்கட்டிலிருந்தோ தொடையிலிருந்தோ எடுத்த தசைநாண், அதாவது தசையை எலும்போடு கட்டுவது. புது இடத்தில் அது முதலில் பலம் இழக்கும்; ரத்தநாளங்கள் உள்ளே வளர்ந்த பிறகுதான் மெல்ல மெல்ல தசைநாராக மாறும். 5ஆம் மாதம் அந்த வேலை இன்னும் முடியாத நேரம்.

வீச்சு பொதுவாக 4, 5ஆம் மாதம் 45 அடியில் தொடங்கும்: வார்ம் அப், 25 வீச்சு, ஓய்வு, மறுபடி வார்ம் அப், இன்னொரு 25. ஒரு நாள் விட்டு ஒரு நாள். பிறகு 60, 90, 120 அடி. மவுண்டில் (பிட்சர் நின்று வீசும் மேடு) ஏறுவது சுமார் 9ஆம் மாதம். முதலில் ஃபாஸ்ட்பால் (நேரான வேகப்பந்து) மட்டும், அதுவும் பலத்தை அடக்கி. கர்வ், ஸ்லைடர் மாதிரி வளையும் பந்தெல்லாம் பின்னால்தான்.

பதில் (பிஸியோ_மேசை):
மேலே சொன்னது சரி. சறுக்குவது பெரும்பாலும் இந்த "அடக்கி" என்ற இடத்தில். பாதி பலத்தில் வீசுகிறேன் என்று பிட்சர் மனசார நம்புவார்; அளந்து பார்த்தால் வேகம் 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும். ரேடார் கன் (பந்தின் வேகம் அளக்கும் கருவி) இல்லாமல் இந்தக் கட்டத்தைக் கடக்காதீங்க.

வலிக்குக் கணக்கு இருக்கு. வார்ம் அப்பில் வலித்து முதல் 15 வீச்சுக்குள் போய்விட்டால் போன தடவை செய்ததையே திரும்பச் செய்யணும். போகவில்லை என்றால் நிறுத்தி 2 நாள் ஓய்வு, வரும்போது ஒரு படி கீழே. வீசி முடித்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வலி நின்றால் 1 நாள் ஓய்வு, அதே படி மறுபடி. மோதிரவிரல், சுண்டுவிரல் மரத்தால் அது நரம்பு. காத்திருக்காமல் சர்ஜனிடம் காட்டணும்.

தோள்பட்டையையும் இடுப்பையும் விட்டுவிடாதீங்க. அவை சோர்ந்தால் முழங்கை தாழ்ந்து, சுமை எல்லாம் புது நாரில் இறங்கும்.

பதில் (ஒன்பதாவது_இன்னிங்ஸ்):
பொறுமைக்கு, இந்த சர்ஜரிக்குப் பெயர் தந்த பிட்சர் டாமி ஜானையே பாருங்க. 1974 செப்டம்பரில் டாக்டர் ஃபிராங்க் ஜோப் செய்த சர்ஜரி. பிறகு நரம்புக் கோளாறால் விரல்களே மடங்கிப்போயின. 1975 சீசன் முழுக்கப் போச்சு. 1976இல் திரும்பி, 1989 வரை ஆடி, மொத்தம் 288 வெற்றியில் 164ஐ சர்ஜரிக்குப் பின் எடுத்தார்.

இன்னொரு பிட்சர் டேனியல் ஹட்சனுக்கு 2012 ஜூலையில் முதல் சர்ஜரி. 2013 ஜூனில், திரும்பி வரும் பயிற்சி ஆட்டத்திலேயே அதே நார் மறுபடி கிழிந்தது. இரண்டாவது சர்ஜரி, அதே 45 அடியிலிருந்து மீண்டும். 2014 செப்டம்பரில் மேஜர் லீக் (அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீக்) மவுண்டில் நின்றார். 2019 உலகத் தொடரின் (அந்த லீக்கின் இறுதித் தொடர்) கடைசி அவுட்டை எடுத்தது அந்தக் கைதான்.

இடதுகைவீச்சு:
நன்றி. 45 அடிக்கும் ரேடார் கன் வைக்கலாமா?

பிஸியோ_மேசை:
முதல் நாளிலிருந்தே வையுங்க.