மின்மூக்கா, மின்மோப்பியா?

அன்பிற்குரிய நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தொகுக்கும் கலைச்சொல் பட்டியலுக்காக, நீர் மாசை வாடையால் கண்டறியும் மலிவுவிலைக் கருவிக்கு ‘வாசனைமானி’ என்னும் பெயரை ஐயா அவர்கள் முன்மொழிந்திருக்கிறார்கள். அதை ஏற்க எனக்குத் தயக்கமுண்டு. வெப்பமானியும் அழுத்தமானியும் ஓர் அளவை எண்ணாகச் சொல்பவை. இந்தக் கருவியோ, மூடிய குடுவையில் நீருக்கு மேலே தேங்கும் ஆவியை வெள்ளீய ஆக்சைடு உணரிகள் (sensors) சிலவற்றின்மேல் செலுத்தி, அவற்றின் மின்தடை மாறும் விதத்தை முன்பே பழக்கிய மாதிரிகளோடு ஒப்பிட்டு இனங்காண்கிறது. 1982இல் வார்விக் பல்கலைக்கழகத்தின் பெர்சாடும் டாடும் காட்டியதும் இதுவே: எந்த உணரியும் ஒரு மணத்துக்கு மட்டும் உரியதாக இருக்க வேண்டியதில்லை, அவை கூட்டாகத் தரும் கோலமே அடையாளம்.

‘Electronic nose’ என்னும் ஆங்கிலப் பெயரின் நேர் பெயர்ப்பான ‘மின்மூக்கு’ எளிய சொல்தான். ஆனால் மூக்கு என்றதும் எல்லாம் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் எனக்கு இது சிறிய கவலையன்று. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர் நிலையங்கள் சிதைந்து, மலக்கழிவைக் காட்டும் ஈ.கோலை பாக்டீரியா கலந்ததால் கடற்கரைகள் மூடப்பட்டிருந்த நாள்களில், பாட்டி ஒவ்வொரு செம்பு நீரையும் மூக்கருகே கொண்டுபோய், “மோந்து பார்த்துக் குடி” என்பார். ஈ.கோலை பெருகினால் இண்டோல் போன்ற ஆவியாகும் சேர்மங்கள் எழக்கூடும். ஈயம் கரைந்த நீரிலோ எந்த வாடையும் எழாது. அதைப் பாட்டியாலும் அறிய முடியாது, கருவியாலும் அறிய முடியாது.

பாட்டி சொன்ன அந்த வினையிலிருந்தே ‘மின்மோப்பி’ என்று அமைக்கலாம் என்பது என் பரிந்துரை. மோப்ப நாய் தனக்குப் பழக்கிய வாடையைத்தான் காட்டிக்கொடுக்கும் என்பது ஊரறிந்தது. கருவியின் எல்லையும் அதுவே. ‘நீர்மோப்பி’ வேண்டாம். ‘முகர்ந்து’, ‘முகந்து’ இரண்டும் பேச்சில் ‘மோந்து’ என்றே ஒலிப்பதால், அது நீர் மொள்ளும் பாத்திரம்போலத் தோன்றும்.

உணரிகள் தரும் வடிவத்துக்கு நண்பர் ஒருவர் எழுதிய ‘மணக்கோலம்’ அழகியது, எனினும் கேட்டதும் மாப்பிள்ளையும் பெண்ணுமே நினைவுக்கு வருவார்கள். ‘மோப்பக்கோலம்’ எனலாம்.

இன்னொன்று. எங்கள் கடலோர ஈரக்காற்றில் இவ்வுணரிகளின் அடிக்கோடு, அதாவது மாசில்லாதபோது அவை காட்டும் அடிப்படை அளவு, மெல்ல இடம்பெயர்வதைப் ‘பிழை’ என்று நம் பட்டியலில் குறித்திருக்கிறோம். உணரி பழுதாகவில்லை, தூய நீரை வைத்து மறுபடி ஒப்பமைத்தால் பெரும்பாலும் நேராகிவிடுகிறது. அதை ‘நழுவல்’ என்று திருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.