இரண்டு சென்றிகளுக்கு நடுவே: திருகோணமலைக்காரர் கண்டவை

உவர்மலை அப்பா

மகன் கொழும்பில் சட்டம் படிக்கிறான். போன கிழமை இரவு போன் எடுத்தவன், "அப்பா, அந்தக் காலத்தில் திருகோணமலையில் ஆட்களைத் தேடிவந்து சுட்டார்களே, பக்கத்தில் படையினரின் சோதனைச் சென்றி ஒன்றும் இருக்கவில்லையா?" என்று கேட்டான். பாடத்துக்கு ஏதோ இஸ்ரேல் வழக்கு வாசிக்கிறானாம். குறிவைத்து ஆளைக் கொல்வது சட்டப்படி சரியா பிழையா என்பதுதான் வழக்கு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சென்றி இருக்கவில்லையா என்பது எங்களிடம் கேட்கிற கேள்வியா?

2006இல் என் கடைக்கும் வீட்டுக்கும் சைக்கிளில் ஐந்து நிமிடம். அதற்குள் இரண்டு சென்றி. முதலாவதில் இறங்கி, ஐசியை, அதுதான் அடையாள அட்டையை, நீட்டி, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்க வேண்டும். சாப்பாட்டுக் கரியரைத் திறந்து காட்ட வேண்டும். சோற்றுக்குள் கம்பியை விட்டுக் குத்திப் பார்த்த நாளும் உண்டு. ஏறி நாலு மிதி மிதிக்க இரண்டாவது சென்றி வந்துவிடும். திரும்பவும் அதே ஐசி, அதே கரியர்.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பக்கத்துக் கடைக்காரரைச் சுட்டார்கள். பின்னேரம் ஆறு மணி இருக்கும். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர். பின்னால் இருந்தவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவர் மாவை நிறுத்துக்கொண்டிருந்தவர், தராசைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். மூன்று வெடி. அவர்கள் வந்த வழியிலேயே, அவசரம் ஒன்றும் இல்லாமல் போனார்கள். என் கரியரைக் கிளறின கைகள் அந்த மோட்டார் சைக்கிளை மறிக்கவில்லை. சத்தமே கேட்கவில்லை என்று இரண்டு சென்றியிலும் சொன்னார்களாம். நான் கடைக்குள் காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தேன், எனக்குக் கேட்டது.

யார் சுட்டது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஊகத்தை எழுதப் போவதில்லை. மகன் "எழுதி வையுங்கள் அப்பா" என்றான், எழுதிவிட்டேன். மற்றவர்களும் இதற்குக் கீழே எழுதுங்கள். கண்டதை மட்டும்.

கறுப்புக் கோட்டு

ஐயா, உங்கள் மகன் படிக்கிற வழக்கை நான் நாலைந்து தரம் வாசித்திருக்கிறேன். அதில் ஒரு பந்தி வரும்போதெல்லாம் நம் ஊர் சென்றிகள்தான் நினைவுக்கு வரும். அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2000 நவம்பரில் பெத்லகேமுக்குப் பக்கத்தில் ஹுசைன் அபயாத் என்பவரை ஹெலிகொப்டரிலிருந்து ஏவுகணை விட்டுக் கொன்றார்கள். செய்தது தாங்கள்தான் என்று இஸ்ரேல் வெளிப்படையாகவே சொன்னது. தெருவில் நின்ற இரண்டு பெண்களும் அதில் செத்தார்கள். 2002 ஜூலையில் காசாவில் சலா ஷெஹாதே என்ற ஹமாஸ் தலைவர் இருந்த வீட்டின்மேல் ஒரு தொன் குண்டு விழுந்தது. பிள்ளைகள் உட்படப் பத்துப் பேருக்கு மேல் பொதுமக்கள் மாண்டார்கள். அதற்கு முன்பே, 2002 தொடக்கத்தில், சித்திரவதையை எதிர்க்கிற ஒரு இஸ்ரேலிய அமைப்பும் ஒரு பாலஸ்தீன அமைப்பும் சேர்ந்து இந்தக் கொலைகளுக்கு எதிராக மனுப் போட்டிருந்தன. தீர்ப்பு வர 2006 டிசம்பர் ஆகிவிட்டது. எழுதியவர் இஸ்ரேல் உயர் நீதிமன்றத்தின் தலைவராக இருந்த அஹரோன் பராக்.

அது முழுதாகத் தடுக்கவும் இல்லை, முழுதாக விடவும் இல்லை. பொதுமகன் ஒருவன் சண்டையில் நேரடியாகப் பங்கெடுத்தால், பங்கெடுக்கிற அந்த நேரத்துக்கு மட்டும் அவனுக்குரிய பாதுகாப்புப் போய்விடும் என்பதை ஏற்றுக்கொண்டு, நாலு கட்டுப் போட்டது. அவனைப் பற்றிய தகவல் உறுதியாக இருக்க வேண்டும், அதைக் காட்டுகிற பாரம் படையின் தலையில். கைது செய்ய வழி இருந்தால் கொல்லக் கூடாது. கொன்றால் பிறகு சுயாதீனமான விசாரணை வேண்டும். பக்கத்தில் நிற்பவர்களுக்கு வரும் அழிவு, கிடைக்கிற பலனை மிஞ்சக் கூடாது.

நான் சொன்ன பந்தி அந்தக் கைது பற்றியது. ஆக்கிரமித்த நிலத்தில் இடம் படையின் கையிலேயே இருப்பதால், பிடித்து விசாரித்து வழக்குப் போடுவது அங்கேதான் இன்னும் சாத்தியம் என்கிறார் பராக். வீதி உன் கையில் இருக்கிறது, ஆளைப் பிடிக்க உன்னால் முடியும், பிறகு ஏன் சுடுகிறாய் என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பு வந்து இரண்டு வருடத்தில், பிடிக்கக்கூடிய ஆட்களையும் கொல்ல அனுமதி கொடுத்திருந்தார்கள் என்று இராணுவத்தின் சொந்த ஆவணங்களை வைத்து ஹாரெட்ஸ் பத்திரிகை எழுதியது என்பது வேறு கதை.

சரி, நமக்கு வருவோம். நாம் பேச்சில் 'ஆக்கிரமிப்பு' என்கிறோம். சட்டம் அந்தச் சொல்லை அவ்வளவு லேசாகத் தராது. போர் பற்றிய 1907இன் ஹேக் விதிகளில் 42ஆம் உறுப்புரை, எதிரிப் படையின் அதிகாரத்துக்குள் உண்மையிலேயே வந்துவிட்ட நிலத்தைத்தான் அப்படிச் சொல்கிறது. அங்குள்ள சனத்தை 1949இன் நாலாவது ஜெனீவா சாசனம் காக்கும், வேண்டுமென்றே கொல்வதைப் பாரதூரமான மீறல் என்று தண்டிக்கவும் சொல்லும். ஆனால் அது நாடும் நாடும் மோதுகிற போருக்கு. சொந்த எல்லைக்குள் சொந்த நாட்டுப் படை நிற்கிற இடத்தில் அதைக் காட்டி வாதாட முடியாது. நமக்கு இருந்தது அந்தச் சாசனங்களுக்குப் பொதுவான மூன்றாம் உறுப்புரை. சண்டையில் இல்லாதவனை எந்த நேரத்திலும் எந்த இடத்திலும் கொல்லக் கூடாது என்று அரசையும் அதை எதிர்த்துப் போராடுகிறவர்களையும் சேர்த்தே கட்டுகிற உறுப்புரை அது. அதோடு, 1980இல் இலங்கை சேர்ந்த, குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை.

மூதூர் லோஞ்ச்

லோயர் சேர் எழுதினதில் "தகவல் உறுதியாக இருக்க வேண்டும்" என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன்.

2006 ஆகஸ்ட் தொடக்கம். மூதூருக்குள் சண்டை வந்து, ஷெல் விழுந்து, சனம் பள்ளிவாசலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓடினது. பிறகு அங்கேயும் இருக்க ஏலாமல் கந்தளாய்ப் பக்கம் நடக்கத் தொடங்கினோம். வாப்பா, உம்மா, நான், தங்கச்சி. உம்மா சோற்றுப் பானையைக் கடைசிவரை விடவில்லை. வழியில் ஆயுதம் வைத்திருந்தவர்கள் மறித்து, ஆம்பிளைகளை வேறாக நிற்கச் சொன்னார்கள். முகத்தை மூடின ஒருவன் இருந்தான். ஒவ்வொருவராக அவனுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். அவன் தலையாட்டினால் ஒரு பக்கம், ஆட்டாவிட்டால் மற்றப் பக்கம்.

எனக்கு முன்னால் நின்ற காக்கா, எங்களுக்கு அண்ணன் மாதிரி, ஒரு கடையில் கணக்கெழுதுகிறவர். பயத்தில் வேர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவருக்குத் தலை ஆடினது. என் முறை வந்தது. அந்தத் துணி ஓட்டைக்குள் இருந்த கண் என்னில் கன நேரம் நின்றது. எனக்குத் தெரிந்த கண் மாதிரி இருந்தது, இன்றைக்கும் சத்தியம் பண்ண மாட்டேன். தலை ஆடவில்லை. நான் இங்கே இருந்து எழுதுகிறேன். எங்களுக்குத் தகவல் என்றால் அந்தத் துணிதான் சேர்.

அதே நாட்களில் மூதூர் டவுனுக்குள் ஒரு பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தில் வேலை செய்த 17 பேரை அவர்களுடைய அலுவலக வளவுக்குள்ளேயே சுட்டுப் போட்டிருந்தார்கள். நிறுவனத்தின் டீசேர்ட்டைக் கழற்றாமல் இருந்தால் காப்பாற்றும் என்று நினைத்திருப்பார்கள். 16 பேர் தமிழர், ஒருவர் எங்கள் ஆள், முஸ்லிம்.

சும்மா வாசிப்பவன்

எல்லாம் சரி. சட்டம் பேசி எந்த உயிர் திரும்பி வந்தது? அதுவும் சீருடைக் கதையை மட்டும் எழுதினால் பாதிக் கதைதான். 1997 ஜூலை 5, ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியில் விழா முடிந்து வெளியே வந்த தங்கத்துரை எம்.பி.யைக் குண்டெறிந்து கொன்றார்கள். கூட நின்றவர்களும் செத்தார்கள். செய்தது புலிகள் என்றுதான் பழி விழுந்தது. ஊர் அதைக் குசுகுசுவென்று பேசிவிட்டு வாயை மூடிக்கொண்டது. அவர் துவக்குத் தூக்கினவரா? நம்முடைய பக்கத்தில் தகவலும் வேண்டாம் தலையாட்டியும் வேண்டாம், 'துரோகி' என்று ஒரு சொல் போதும். மின்கம்பத்தில் கட்டியிருந்த ஒருவரின் கழுத்தில் தொங்கின மட்டையை நான் பள்ளிக்கூடம் போகிற வழியில் வாசித்திருக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தது. அதுதான் முதலில் கண்ணில் பட்டது, என்ன செய்ய, பன்னிரண்டு வயது.

காளிகோயிலடிப் பெண்

அண்ணா சொன்னது சரி, அதையும் எழுதத்தான் வேண்டும். நான் என் பங்குக்குக் கடற்கரையை எழுதுகிறேன்.

2006 ஜனவரி 2. நான் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தேன். பின்னேரம் விளக்கு வைத்துவிட்டுத் திரும்ப, கடற்கரைப் பக்கம் குண்டுச் சத்தம். கொஞ்சம் பொறுத்து வெடிச் சத்தம். அம்மா விளக்கை ஊதி அணைத்தா. சாமி விளக்கை அம்மா ஊதி அணைத்ததை அன்றைக்குத்தான் கண்டேன். காந்தி சிலையடியில் ஐந்து மாணவர்கள் என்று காலையில் தெரிந்தது. எங்கள் ரியூசனில் அவர்களைத் தெரியாத பிள்ளை இல்லை.

அவர்களிடம் இருந்த குண்டு தவறி வெடித்தது என்று முதலில் கதை வந்தது. சுடரொளிப் பத்திரிகைச் செய்தியாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் வெளிவந்த பிறகு அந்தக் கதை நிற்கவில்லை. தலையில் சூட்டுக் காயம் இருப்பது படத்திலேயே தெரிந்தது. அதே மாதம் 24ஆம் திகதி அவரையும் சுட்டுவிட்டார்கள். கொழும்பில் ஆணைக்குழு வைத்தார்கள், அதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து பெரியவர்கள் குழு ஒன்று வந்தது, 2008இல் அதுவும் மனம் வெறுத்துப் போய்விட்டது. விசேட அதிரடிப் படையினர் உட்பட 13 பேர்மேல் வழக்கு நடந்தது. 2019 ஜூலையில் சாட்சியம் போதாது என்று நீதவான் நீதிமன்றம் விடுவித்தது. சாட்சிகள் எப்படி வருவார்கள்? படம் எடுத்தவருக்கு நடந்ததை எல்லாரும் பார்த்தோமே.

செத்த வீட்டுக்கு வெள்ளைச் சீருடையோடு போனோம். சென்றியில் ஒருவன் எங்கே என்று கேட்டான். செத்த வீடு என்றேன். ஐசியைத் திறந்து பார்க்காமலே திருப்பித் தந்தான். எனக்கு அவன் வயதுதான் இருக்கும்.

கறுப்புக் கோட்டு

சும்மா வாசிப்பவன் தம்பிக்கு: உயிர் வராது, தெரியும். நான் ஏன் இன்னும் இதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று மட்டும் சொல்கிறேன்.

தொழிலுக்கு வந்த புதிதில் மரண விசாரணைகளுக்குப் போவேன். 'இனந்தெரியாத நபர்கள்' என்ற சொல்லை எத்தனை தரம் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. ஒருநாள் ஒரு தாய். மகனுக்கு ஏதாவது இயக்கத்தோடு தொடர்பு இருந்ததா என்று கேட்கப்பட்டது. அவ கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இருந்தால் சுடலாமோ?" என்று திருப்பிக் கேட்டா. ஒருவரும் பதில் சொல்லவில்லை. அடுத்த கேள்விக்குப் போனார்கள்.

நம் அரசியலமைப்பில் உயிர் வாழும் உரிமை என்று தனியாக ஒரு வரி இல்லை. 13ஆம் உறுப்புரையின் நாலாம் பிரிவு, தகுதிவாய்ந்த நீதிமன்றத்தின் கட்டளை இல்லாமல் எவருக்கும் மரண தண்டனை கொடுக்கக் கூடாது என்று மட்டும் சொல்கிறது. 2003இல் உயர் நீதிமன்றம் அந்த வரிக்குள்ளிருந்துதான் உயிருக்கான உரிமையை வெளியே எடுத்தது. பொலிஸ் பிடித்துக்கொண்டு போன பிறகு காவலில் செத்த ஒருவரின் மனைவி போட்ட வழக்கு. நீதிமன்றமே கொல்ல இவ்வளவு ஒழுங்கு வேண்டுமென்றால், வீதியில் துவக்கோடு நிற்கிறவனால் எப்படி ஒழுங்கில்லாமல் கொல்ல முடியும்? அந்தத் தாய் கேட்டதும் அதுதான். அவ 13ஆம் உறுப்புரையை வாசித்திருக்க மாட்டா.

ஒன்று விட்டுவிட்டேன். இலங்கை 1977இன் மேலதிக நெறிமுறைகளில் சேரவில்லை. சந்தேகம் இருந்தால் பொதுமகன் என்றே எடுத்துக்கொள் என்ற வரி அவற்றில் முதலாவதில்தான் இருக்கிறது. நாலு ஜெனீவா சாசனங்களில் 1959இலேயே சேர்ந்தது, அவற்றுக்கு உள்நாட்டுச் சட்டம் போட்டது 2006இல். எந்த வருடம் என்று பாருங்கள்.

மூதூர் லோஞ்ச்

சேர், அந்தத் தாய் இன்னும் இருக்கிறாவா?

கறுப்புக் கோட்டு

தெரியாது தம்பி. மரண விசாரணை ஃபைலில் விலாசம் இருந்தது. நான் போகவில்லை.

உவர்மலை அப்பா

எல்லாரும் எழுதினதை மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரவு முழுக்க நீலச் சரி விழவில்லை. காலையில் எடுத்து, "அப்பா, இரண்டு சென்றிக்கும் இடையில் எவ்வளவு தூரம்?" என்றான். அளந்ததில்லை என்றேன். "அளக்கலாமா?"

இன்று பின்னேரம் போனேன். முதல் சென்றி இருந்த இடத்தில் இப்போது ஒருவர் இளநீர் விற்கிறார். மற்றதில் ஒன்றுமில்லை, மண்மூட்டை அடுக்கின இடத்தில் புல் கொஞ்சம் பச்சையாக இருக்கிறது. இளநீர்க்காரர், "என்ன ஐயா தேடுகிறீர்கள்?" என்று கேட்டார். காலால் எண்ணிக்கொண்டிருந்தேன், எண்ணிக்கை தவறிவிடும் என்று பதில் சொல்லவில்லை. 410 காலடி எடுத்து வைத்தேன், வயதுபோனவனின் காலடி. சுட்ட கடை 190இல் வருகிறது.

மகனுக்கு அனுப்பினேன். உடனே கேட்டான்: "நடுவில் வளைவு ஏதும் இருக்கிறதா?"

இல்லை. நேர் வீதி.