‘அன்சர்ட்டன்ட்டி’க்கு ‘ஏறுகுறை’ சரிப்படுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

அளவியலுக்கான (அளவிடுதலைப் பற்றிய அறிவியல், மெட்ராலஜி) படிமுறைகளை, அதாவது அல்காரிதங்களை, உருவாக்கும் ஆய்வு நல்கைகளைப் (ஃபெல்லோஷிப்) பற்றி, கோத்தகிரிப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளுக்காக ஒரு குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். அமெரிக்க அரசின் அளவீட்டு ஆய்வகமான நிஸ்ட், முனைவர் பட்டம் முடித்தவர்களை இப்படி எடுத்துக்கொள்கிறது. (அந்த நாட்டுக் குடிமக்களை மட்டும்தான். இருந்தாலும் வேலை என்னவென்று நம் பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.) மெட்ராலஜிக்கு ‘அளவையியல்’ வேண்டாம், அது எப்போதோ தருக்கத்துக்குப் போய்விட்டது, ‘அளவியல்’ போதும். இடித்தது ‘அன்சர்ட்டன்ட்டி’தான், அதாவது அளந்த எண் எவ்வளவு முன்னப்பின்ன இருக்கலாம் என்பது.

> ‘பிழை’ என்றே வைத்துவிடலாமே?

ஆகாது ஐயா. எங்கள் ஊரில் பச்சைத் தேயிலை எடை போடும்போது சாக்குக்குக் கழிப்பார்கள், மழை நாளில் ஈரத்துக்கும் கழிப்பார்கள். தராசு எப்போதும் 200 கிராம் கூட்டியே காட்டுகிறது என்று தெரிந்தால் அதையும் கழிக்கலாம். அதுதான் பிழை, தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம். எல்லாம் கழித்த பிறகும் “25 கிலோ, முன்னப்பின்ன இருக்கும்” என்கிறோமே, அந்த முன்னப்பின்னவுக்குத்தான் பெயர் தேடுகிறேன்.

> ‘நிச்சயமின்மை’ இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் கேட்டதும் குவாண்டம் இயற்பியலில் நிச்சயமின்மைக் கோட்பாடு சொன்ன ஹைசன்பர்க்தான் நினைவுக்கு வருகிறார். அளந்தவருக்கே நம்பிக்கையில்லை என்பதுபோலவும் தொனிக்கிறது. உண்மையில் இந்த எண்ணையும் சேர்த்துச் சொன்னால்தான் அளவை நம்பவே முடியும்.

முதலில் ‘கூடுகுறை’ என்று எழுதிப் பார்த்தேன். இதற்கென்றே 1993-இல் வந்த பன்னாட்டு வழிகாட்டியின்படி, ஒன்றையொன்று சாராத காரணங்களால் வரும் கூடுகுறைகளை வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 3 கிராமும் 4 கிராமும் சேர்ந்தால் 7 ஆகாது, 5தான். அந்த 5-க்குப் பெயர் ‘கூட்டுக் கூடுகுறை’ என்றால் நாக்கு சுளுக்கிக்கொள்கிறது! அப்புறம்தான் ‘ஏறக்குறைய’ கண்ணில் பட்டது. அதிலிருந்து திட்ட ஏறுகுறை (ஸ்டாண்டர்ட்), கூட்டு ஏறுகுறை (கம்பைன்ட்), விரி ஏறுகுறை (எக்ஸ்பாண்டட்): மூன்றும் ஒழுங்காக வாயில் நிற்கின்றன.

> ‘குறை’ என்றால் குற்றம் என்று படாதா?

‘ஏறக்குறைய’ என்று சொல்லும்போது யாருக்கும் அப்படிப் படுவதில்லையே அம்மா.

சொல்லை ஒரு முழு வாக்கியத்தில் வைத்துப் பார்க்க ஊட்டி ரேடியோ தொலைநோக்கியை எடுத்துக்கொண்டேன். 530 மீட்டர் நீளம், முத்தோரைச் சரிவில் 1970 முதல் நிற்கிறது. ரேடியோ அலை வீசும் தொலைதூர வான்பொருள் ஒன்றை நிலா மறைக்கும்போது சைகை எப்படி விழுகிறது என்று பதிந்து, அதிலிருந்து அந்தப் பொருளின் கோண அளவைக் கணக்கிட்டார்கள். கையில் பிடிக்க அங்கே அளவுகோல் ஏது? படிமுறைதான் அளவுகோல். ஆகவே கருவியின் ஏறுகுறையோடு படிமுறையின் ஏறுகுறையையும் சொல்லியாக வேண்டும். நல்கை பெறுபவருக்கு வேலையே அங்கேதான். இந்த வாக்கியங்களை உரக்கப் படித்துப் பார்த்தேன், எங்கும் இடறவில்லை.

சனிக்கிழமை குறிப்பை நகலெடுக்கக் கொடுக்கிறேன். மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள். மேகம் இறங்கிவிட்டால் இங்கே இணையம் படுத்துவிடும்.