ஜான் ஆபிரகாமிடம் இருந்தது பாணியா, பணமில்லாத குறையா?

ஆற்றுமணல்:
மலையாள இயக்குநர் ஜானைப் பற்றிப் பேச்செடுத்தாலே அவரும் நண்பர்களும் நடத்திய ஒடெஸ்ஸா திரைப்படக் குழு, படம் எடுக்க அது ஊர் ஊராக வசூலித்த பணம், 1987இல் கோழிக்கோட்டில் மாடியிலிருந்து விழுந்து செத்தது என்றுதான் போகிறது. படத்தைப் பேசுவோமே. மொத்தமே நாலு முழுநீளப் படங்கள். கடைசிப் படமான 'அம்ம அறியான்' பாதிக்கு மேல் ஒரே மாதிரி: ஒரு வீடு, ஒரு நண்பன், ஹரி இறந்த செய்தி, அப்புறம் அடுத்த வீடு. இதைப் பாணி என்று கொண்டாட எனக்கு மனசு வரவில்லை.

கடைசிவரிசை:
அந்த ஒரே மாதிரிதான் படத்தின் எலும்பு. டில்லிக்குக் கிளம்பிய புருஷன் என்ற இளைஞன் வழியில் ஒரு பிணத்தைப் பார்க்கிறான், செத்துப்போன அந்த ஹரியின் அம்மாவுக்குச் சொல்லக் கொச்சி போகிறான், போகிற வழியெல்லாம் ஆள் சேர்கிறார்கள், அந்தந்த ஊரின் போராட்டங்களும் சேர்கின்றன, நிஜக் காட்சிக்கும் எடுத்த காட்சிக்கும் நடுவே கோடே தெரியாது. ஜான் புனே திரைப்படக் கல்லூரியில் வங்காள இயக்குநர் ரித்விக் கட்டக்கிடம் படித்தவர், மணி கௌல் இயக்கிய 'உஸ்கி ரோட்டி' என்ற இந்திப் படத்தில் உதவியாளர். ஷாட்டை எங்கே வெட்டுவது என்று தெரியாமல் எடுத்தார் என்று என்னால் நம்ப முடியாது.

ஆற்றுமணல்:
தெரியும் என்பதால்தான் கோபமே வருகிறது. 'அக்ரஹாரத்தில் கழுதை'யைப் பாருங்கள், 1977, விமர்சகர் வெங்கட் சாமிநாதனின் திரைக்கதை. செத்துப் பிறந்த குழந்தையின் பழியைக் கழுதைமேல் போட்டு அடித்துக் கொல்கிறார்கள், பிறகு அதையே கும்பிடுகிறார்கள். எங்கேயும் குரலை உயர்த்தாமல் எவ்வளவு இறுக்கமாகச் சொல்லியிருக்கிறார்! கையில் எழுத்து இருந்தால் ஜான் வேறு ஆள்.

தகரக்கொட்டகை:
அந்த இறுக்கமான படத்துக்குத் தேசிய விருது கிடைத்தது. ஆனாலும் 'அம்ம அறியா'னை ஜான் யார் பணத்தை நம்பி எடுப்பார்? ஒடெஸ்ஸாக்காரர்கள் சாப்ளின் படம் போட்டுக் காட்டி ஜனங்களிடமே காசு வாங்கினார்கள், முடித்ததும் அவர்களுக்கே டிக்கெட் இல்லாமல் காட்டினார்கள். அப்படி எடுத்த படத்தில் தனி நாயகன் எதற்கு? கூட்டம்தான் நாயகன். இதையும் பாணியில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆற்றுமணல்:
காசு வந்த வழிமேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் திரையில் அந்த நண்பர்களுக்கு முகமே இல்லையே, சேர்ந்த மறு நிமிஷம் கரைந்துபோகிறார்கள். அம்மாக்கள் மட்டும்தான் மனசில் நிற்கிறார்கள்.

கடைசிவரிசை:
சரி, படமே புருஷன் தன் அம்மாவுக்குச் சொல்வதுதானே. மகன்கள் கிளம்பிப் போய்விடுகிறார்கள், வாசலில் நிற்கும் அம்மாக்களிடம் கேமரா கொஞ்சம் கூடுதலாகத் தங்குகிறது. அவர் எடுக்க நினைத்ததே அதைத்தான் என்பேன்.