பிரவுனிக்குக் கடுகு மேல் சலிப்பு வந்த கதை

எங்கள் நாய் பிரவுனிக்கு வயது 5, எடை 24 கிலோ. வாசலில் யார் போனாலும் குரைப்பான். அவர்களே உள்ளே வந்துவிட்டால் மடியில் ஏறப் பார்ப்பான். இவ்வளவு சாதுவான பிள்ளை, பூனைக்குட்டியைப் பார்த்தால் கொஞ்சத்தான் செய்வான் என்று நானாக முடிவு செய்துவிட்டேன்.

பூனைக்குட்டி கடுகு வந்தபோது அவளுக்கு 9 வாரம். அட்டைப்பெட்டியைத் திறந்து, இரண்டு கையிலும் அவளை ஏந்தி, "இங்க பாருடா, யாரு வந்திருக்கான்னு" என்று அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னையே திட்டத் தோன்றுகிறது. அவன் முகர்ந்தான். அவள் உப்பிப் பந்தானாள். அடுத்த நொடி என் முன்னங்கையைப் பிறாண்டிக்கொண்டு தோளுக்கு ஏறி, அங்கிருந்து திரைச்சீலைக்குத் தாவி உச்சியில் தொங்கினாள். அவன் கீழே நின்று வீடு அதிரக் குரைத்தான். கையில் விழுந்த கோடுகளில் ஒன்று தழும்பாகவே நின்றுவிட்டது.

மறுநாள் புத்தி வந்தது. சின்ன அறை ஒன்றைக் காலி செய்து மணல் தட்டு, தண்ணீர், படுக்கை எல்லாவற்றையும் வைத்து, கடுகை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன். குடற்புழு மருந்து, முதல் தடுப்பூசி எல்லாம் அந்த நாட்களிலேயே முடிந்தன. மொத்தம் 10 நாள். பிரவுனி கதவிடுக்கில் மூக்கை வைத்து, உறிஞ்சுகுழலில் இழுப்பதுபோல் புஸ் புஸ்ஸென்று மூச்சை இழுத்துக்கொண்டு கிடப்பான். நான்காம் நாள் அந்த இடுக்கு வழியாக ஒரு கறுப்புப் பாதம் வெளியே வந்து தரையைத் துழாவியது. அவன் திடுக்கிட்டு இரண்டடி பின்வாங்கிப் போய் என் காலடியில் உட்கார்ந்துகொண்டான்.

இடையில் துணி மாற்றும் வேலையும் நடந்தது. பூனைக்குக் கன்னத்தில் வாசனைச் சுரப்பிகள் உண்டு. அது மேசைக்காலில் முகத்தைத் தேய்ப்பதே அந்த வாசனையை ஒட்டிவைக்கத்தான். ஒரு பழைய துணியால் கடுகின் கன்னத்தைத் தடவி, பிரவுனியின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போடுவேன். அவன் மேல் தடவியது அவள் அறைக்குப் போகும். முதல் நாள் துணியைக் கவ்விக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடினான். ஆறாம் நாள் அதைத் தாண்டிப் போய்ச் சாப்பிட்டான். நான் காத்திருக்க வேண்டிய அறிகுறி அதுதான் என்று அப்போது தெரியவில்லை. இன்னும் பாசம் வரவில்லையே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்!

அப்புறம், கம்பித் தடுப்பு. அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் கழுத்துப் பட்டையும் கயிறுமாக அவன். அவன் குரைத்ததற்கோ குதித்ததற்கோ நான் பயப்படவில்லை. பயந்தது அவன் திடீரென்று அமைதியானபோதுதான். வாய் மூடிக்கொள்ளும், காது முன்னால் நிமிரும், உடம்பு சிலைபோல் விறைக்கும், மூக்கடியில் தீனியை நீட்டினாலும் கண்டுகொள்ள மாட்டான். உற்றுப் பார்த்து, பதுங்கி, துரத்தி, கவ்வுகிற வேட்டை வரிசையின் முதல் படி அது. அங்கேயே நின்றால் அடுத்த படிக்குப் போய்விடுவான். அதனால் அப்படி விறைத்த உடனே கயிற்றோடு நான் பின்னால் நடந்து, அவன் மறுபடி என்னைப் பார்க்கும் தூரத்துக்கு அழைத்துப்போவேன். அவளிடமிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தால் உடனே ஒரு துண்டுத் தீனி. ஒரு வேளைக்கு 5 நிமிடம், அதற்கு மேல் இல்லை. அதற்கு முன் அவனை நீண்ட நடை கூட்டிப்போய்விடுவேன், அவளையும் விளையாட்டுக் காட்டிக் களைக்க வைப்பேன். ஓடுகிற குட்டியைப் பார்த்துச் சும்மா இருக்கும் நாய் அபூர்வம்.

வாலை வைத்தும் குழப்பம். அவன் தளர்வாக வாலாட்டினால் 'வா, விளையாடலாம்'. அவள் வாலைப் படார் படாரென்று அடித்தால் 'போ அந்தப் பக்கம்'. ஒருவர் பேச்சு மற்றவருக்குத் தலைகீழாகப் புரிகிறது. அவள் சீறும்போது நான் அதட்டவே இல்லை. வாயால் சொல்வதைத் தடுத்தால் நகத்தால் சொல்வாள்.

19ஆம் நாள் சாயங்காலம். தடுப்பைத் திறந்து வைத்திருந்தேன், கயிறு என் கையில். பிரவுனி படுத்திருந்தான். கடுகு சுவரோரமாக நடந்து அவன் வாலைத் தாண்டிப் போனாள். அவன் ஒரு கண்ணைத் திறந்தான், பெருமூச்சு விட்டான், மூடிக்கொண்டான். "என்ன இவன் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குறான்? பிடிக்கலையோ?" என்றார் வீட்டுக்காரர். எனக்கோ எழுந்து ஆட வேண்டும்போல் இருந்தது.

*

பிரவுனி கதையைப் படித்தேன். நீங்கள் சொன்ன அறை, துணி, கயிறு எல்லாம் நாங்களும் செய்தோம். இரண்டே வாரத்தில் குட்டி நாயின் முதுகிலேயே படுத்துத் தூங்க ஆரம்பித்துவிட்டது. ஆபத்து அதன் பிறகு வேறு வழியில் வந்தது.

நாய்க்கு உண்ணி என்று கழுத்தில் விடும் சொட்டு மருந்து விட்டோம். வழக்கமாக விடுவதுதான். அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தது, பூனைக்கு அது விஷம் என்பது எங்களுக்குத் தெரியாது. பூனையின் உடம்பால் அதைச் சிதைத்து வெளியேற்ற முடிவதில்லையாம். அன்று ராத்திரி குட்டியின் காது துடித்தது, அப்புறம் தோல், அப்புறம் முழு உடம்பும். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். குளிப்பாட்டி, ஊசி போட்டு, நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினார்கள். பிழைத்தது. இப்போது நாய்க்கு எந்த மருந்து வாங்கினாலும் "வீட்டில் பூனை இருக்கிறது" என்பதைத்தான் முதலில் சொல்கிறேன்.

*

எங்கள் வீட்டில் சரிப்படவில்லை என்பதையும் யாராவது எழுத வேண்டும் இல்லையா? எங்களுடையது முயல் துரத்தும் வகை நாய். 3 மாதம் முயன்றோம். மேலே அந்த அக்கா சொன்ன விறைப்பு ஒரு நாள்கூடத் தளரவில்லை. கதவு மூடியிருந்தாலும் அதையே பார்த்துக்கொண்டு நிற்கும், சாப்பாடு குறைந்துவிட்டது. குட்டியும் அலமாரிக்கு மேலேயே குடியிருந்தது. கடைசியில் குட்டியை என் தங்கை எடுத்துக்கொண்டாள். அழுதுதான் கொடுத்தேன். அங்கே போன மூன்றாம் நாளே அது தரையில் மல்லாந்து படுத்திருந்த படத்தை அனுப்பினாள். எங்கள் வீட்டில் அது ஒருநாள்கூட அப்படிப் படுத்ததில்லை.

*

இங்கே கதை தலைகீழ். எங்கள் நாய்க்கு 12 வயது, மூட்டு வலி. குட்டிதான் ரவுடி. வாலைக் கடிப்பதும், தூங்கும்போது மேலே குதிப்பதுமாக இருந்தது. எல்லாரும் பூனைக்கு உயரத்தில் இடம் கொடு என்கிறார்கள். நாங்கள் நாய்க்கு ஒரு அறை ஒதுக்கி, குட்டியை உள்ளே விடாமல் பூட்ட வேண்டியிருந்தது.

*

பிரவுனி வீட்டிலிருந்து மறுபடி நான்தான். நீங்கள் எழுதியதில் பெர்மெத்ரின் விஷயம் படித்ததும் எழுந்து போய் எங்கள் மருந்துப் பெட்டியைத் துழாவினேன். நல்ல வேளை, இல்லை.

இரண்டையும் தனியாக விட்டுப் போகிறீர்களா என்று கேட்டிருந்தவருக்கு: இல்லை. 7 மாதம் ஆகிறது, சேர்ந்தே தூங்குகிறார்கள், ஆனாலும் நாங்கள் வெளியே போனால் அவள் அறைக் கதவு மூடித்தான் இருக்கும். ஒரு தடவை விளையாட்டில் அவன் மூக்கில் அறைந்தாள், நகம் கண்ணுக்கு ஒரு விரல் தள்ளிப் பட்டது. அதிலிருந்து நக நுனியையும் வெட்டிவிடுகிறேன்.

சாப்பாட்டுத் தட்டுகளும் தனித்தனிதான். அவன் உணவையே அவளும் தின்று வளரட்டும் என்று விட முடியாது. டாரின் என்ற சத்து பூனைக்கு உணவிலிருந்து வந்தாக வேண்டும், குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். நாயின் உடம்பு அதைத் தானே பெரும்பாலும் தயாரித்துக்கொள்ளும் என்பதால் நாய் உணவில் அது போதுமான அளவு இருக்கும் என்று நம்ப முடியாது. அவள் தட்டை அலமாரி மேல் வைத்தாயிற்று.

தீராமல் இருப்பது ஒன்றே ஒன்று, மணல் தட்டு. அதில் அவள் விட்டுவைப்பது பிரவுனிக்குத் தின்பண்டம். மூடி போட்ட தட்டு வாங்கினேன், தலையை உள்ளே விட்டான். தட்டைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன், சுவரிலிருந்து நகர்த்தக் கற்றுக்கொண்டான். இதை எழுதும்போதே உள்ளே ஏதோ இழுபடும் சத்தம் கேட்கிறது. இருங்கள், வருகிறேன்.